பார்த்து எழுதும் செயலி: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வாசிகசாலையில் கோயில் கணக்கு ஏடுகள், காணி விபரக் கொப்பிகள் என 600 படங்கள் எடுத்து வைத்திருக்கிறோம். ஏ.எல். (உயர்தர) வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தட்டெழுத ஒரு செயலி செய்யலாமா? எங்கே தொடங்குவது?
– வாசகி, திருகோணமலை

பதில்: செயலியை அடியிலிருந்து கட்ட வேண்டாம். படத்தைப் பார்த்துப் பலர் சேர்ந்து தட்டெழுத உதவும் இணையத் தளங்கள் ஏற்கெனவே உள்ளன: ஸூனிவர்ஸ் இலவசம், ஃப்ரம்தபேஜ் திறந்த மூலநிரல். முதலில் 20 படங்களை அவற்றில் ஏற்றிப் பாருங்கள். உங்கள் உழைப்பு போகவேண்டிய இடம் தமிழுக்கான சரிபார்ப்பு. அதை வேறு யாரும் செய்து தரமாட்டார்கள்.

பழைய ஓலை ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். ஆகவே ‘ெபரன’ என்று கீறியிருப்பதைப் பொன், போன, பேரன் என்று மூன்று விதமாக வாசிக்கலாம். எனவே இரண்டு பெட்டிகள் வையுங்கள்: ஒன்றில் கண்ணுக்குத் தெரிவது அப்படியே, மற்றதில் பிள்ளையின் வாசிப்பு. பெட்டி ஒன்றுதான் என்றால் பிள்ளை தன்னையறியாமல் திருத்திவிடும். ஏட்டில் உண்மையில் என்ன இருந்தது என்பது பிறகு தெரியவராது. கைத்தொலைபேசி விசைப்பலகையின் தானியங்கித் திருத்தமும் இதே கேட்டைச் செய்யும், அதை அணைக்கச் சொல்லுங்கள்.

ஏட்டு வரி நீளமானது, சிறு திரையில் எழுத்து எறும்பாகிவிடும். ஒவ்வொரு வரியையும் மூன்று துண்டாக வெட்டுங்கள். வெட்டும் இடத்தில் ஒரு சொல்லளவு இரு துண்டிலும் வரட்டும்.

கேள்வி: இரண்டு பிள்ளைகள் ஒரே வரியை ஒரே மாதிரி எழுதியும் கணினி ‘வேறுபாடு’ என்கிறதே?

பதில்: ‘கொ’ என்பதில் க-வுக்குப் பின் ஒற்றைக் குறியாக ‘ொ’ வரலாம், அல்லது ‘ெ’, ‘ா’ என இரண்டு குறிகளாக வரலாம். திரையில் ஒன்று, கோப்பில் இரண்டு. ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் யுனிகோட் எழுத்துக் குறிமுறையின் என்.எஃப்.சி. என்ற ஒரே சீர் வடிவுக்கு மாற்றுங்கள், இது தீரும். ஆனால் ‘கௌ’-வுக்குக் ‘கெ’யும் ‘ள’வும் தட்டியிருந்தால் அது தீர்க்காது, அப்படி வரும் இடங்களைத் தனியே தேடி ஆள்தான் பார்க்க வேண்டும்.

கணக்கேட்டில் இன்னொரு பொறி: ௧ என்ற எண்ணுக்குக் க, ௨-க்கு உ, ௭-க்கு எ, ௮-க்கு அ என்று தட்டிவிடுவார்கள். பார்வைக்குப் பிடிபடாது, நெல் அளவைக் கூட்டும்போதுதான் தொகை உதைக்கும். எண்களுக்குத் திரையிலேயே தனிப் பொத்தான்கள் வையுங்கள்.

ஒவ்வொரு துண்டையும் இருவர் எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. ஒத்துவராதவை மட்டும் ஏடு வாசிக்கத் தெரிந்த பெரியவரிடம் போகட்டும். அவருடைய நேரம்தான் மிக அருமையானது. தெரியாத எழுத்துக்கு [?] போடலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காணி விபரங்களில் இன்றும் உரித்தாளர் உள்ளவர்களின் பெயர்கள் இருக்கலாம். குடும்பத்தாரின் சம்மதமின்றி அந்தப் படங்களைப் பொதுவில் ஏற்ற வேண்டாம்.