நண்பர்களோடு ஆடும் ஆன்லைன் கேமில் கிரிப்டோ பரிசு தர, ஒவ்வொரு நகர்வையும் பிளாக்செயினில் பதிய வேண்டுமா?

வேண்டாம். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒரு பிளாக், அதாவது பதிவுகளின் தொகுப்பு, உருவாகவே சுமார் 12 நொடி ஆகும்; ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம் வேறு. ஆட்டம் முழுக்க உங்கள் சர்வரிலேயே நடக்கட்டும். நுழைவுத் தொகையைப் பூட்டி வைப்பதும் வென்றவருக்குப் பரிசைப் பிரித்துக் கொடுப்பதும் மட்டும் ஸ்மார்ட் கான்ட்ராக்டின் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலின்) வேலை.

ஆனால் அப்போது, முடிவை அறிவிக்கும் சர்வர் கையொப்பமிடும் டிஜிட்டல் சாவிதான் கஜானாவின் சாவி. 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி கேமுக்கான ரோனின் பிரிட்ஜில் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்குக் கிரிப்டோவை மாற்றும் பாலம்), ஒப்புதல் தரும் 9 சாவிகளில் 5 திருடர்கள் கைக்குப் போயின. 60 கோடி டாலருக்கு மேல் பறிபோனது. அதனால் ஒரே சாவியை நம்பாமல் பலர் கையொப்பமிடும் வாலட் வையுங்கள். பெரிய தொகை வெளியேறச் சில மணி நேரத் தாமதமும் தினசரி உச்சவரம்பும் போடுங்கள்.

சீட்டாட்டம் என்றால், சீட்டுக் கலைப்பில் சந்தேகம் வராமலிருக்க, கலைப்பைத் தீர்மானிக்கும் ரகசிய எண்ணின் ஹாஷை (எண்ணைக் காட்டிக்கொடுக்காமல், அது பிறகு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீட்டை) ஆட்டத்துக்கு முன்பே வெளியிட்டு, முடிந்ததும் எண்ணைக் காட்டிவிடுங்கள். ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு எண் தந்து அதில் கலந்தால் இன்னும் நல்லது.

என்னைக் கேட்டால், ஹேக்கரைவிடத் தீராத தலைவலி ஒரே ஆள் பத்து அக்கவுண்ட் வைத்துக்கொண்டு ஆடுவதுதான். இலவச ஆட்டத்துக்குப் பரிசு வைத்தால் இது இன்னும் மோசம். பணம் எடுக்கும்போதாவது அடையாளச் சரிபார்ப்பு கேளுங்கள்.

காசு கட்டி ஆடிக் காசு வெல்வது பல நாடுகளில் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும். புரோகிராம் எழுதும் முன் வக்கீலைப் பாருங்கள்.