லாக்கின் வாலைப் பிடிப்பது எப்படி? டெயில் கமாண்ட் கேள்வி பதில்

பல வருஷமாக லினக்ஸ் சர்வர்களோடுதான் என் பிழைப்பு. புரோகிராம்கள் நடப்பதை எழுதிவைக்கும் ஃபைல்தான் லாக்; ஒரு ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டுவது டெயில் கமாண்ட். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். கமாண்டுகளில் "பெரிய" என்று சொன்னால் மட்டும் ஆங்கிலக் கேப்பிடல் எழுத்து; மற்ற எல்லாம் சின்ன எழுத்து.

கேள்வி: அக்கா, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. லாக் ஃபைல் 8 ஜிபி இருக்கிறது. முழு ஃபைலையும் காட்டும் கேட் கமாண்டைப் போட்டால் திரை ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியாக வந்த எரரை மட்டும் பார்க்க என்ன வழி?

தம்பி, டெயில் என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். கடைசி 10 வரி வரும். 200 வரி வேண்டுமென்றால் டெயில் -என் 200. ஃபைல் பெரிதாக இருக்கிறதே என்ற கவலை வேண்டாம். டெயில் முதலிலிருந்து படிக்காது. நேராக முடிவுக்குப் போய், அங்கிருந்து பின்னோக்கி வரிகளை எண்ணும். கேட் போட்டு, ஒரு கமாண்டின் அவுட்புட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப் வழியாக டெயிலுக்குத் தள்ளும் பழக்கம் மட்டும் வேண்டாம். பைப்பில் முடிவுக்குத் தாவ முடியாது. 8 ஜிபியையும் படித்தாக வேண்டும்.

கேள்வி: டெயில் -எஃப் ஓடும்போது கன்ட்ரோல் சி அழுத்தினால் சர்வர் நின்றுவிடுமா? பயமாக இருக்கிறது.

நிற்காது. -எஃப் போட்டால் ஃபைலில் புதிதாகச் சேரும் வரிகளை டெயில் தொடர்ந்து காட்டும்; ஃபைலைப் படிக்க மட்டும்தான் செய்கிறது. கன்ட்ரோல் சி நிறுத்துவது டெயிலைத்தான்.

கேள்வி: நைட் ஷிஃப்டில் இருக்கிறேன். சாயங்காலம் டெயில் -எஃப் போட்டு வைத்தேன். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு வரிகூட வரவில்லை. அப்ளிகேஷனோ நன்றாக ஓடுகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

லினக்ஸில் ஃபைல் வேறு, அதன் பெயர் வேறு. உண்மையான ஃபைலுக்கு ஐநோட் என்று ஒரு எண் உண்டு. பெயர் என்பது அந்த எண்ணைக் காட்டும் ஒரு சீட்டு. டெயில் -எஃப் போட்டதும் அது ஃபைலைத் திறந்து பிடித்துக்கொள்கிறது, பெயரை மறந்துவிடுகிறது. நள்ளிரவில், பழைய லாக்கை ஒதுக்கிவைக்கும் லாக்ரோட்டேட் என்ற புரோகிராம் வந்து, ஆப்.லாக் என்ற ஃபைலை ஆப்.லாக்.1 என்று பெயர் மாற்றிவிட்டு, பழைய பெயரிலேயே புது ஃபைலை உருவாக்குகிறது. அப்ளிகேஷன் புதியதில் எழுதுகிறது. உங்கள் டெயிலோ, இனி யாரும் எழுதாத பழைய ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

டெயில் -பெரிய எஃப் போடுங்கள். அது பெயரைத் தொடரும். அந்தப் பெயரில் வேறு ஃபைல் வந்தால் பழையதை விட்டுப் புதியதைத் திறக்கும். ஃபைல் கொஞ்ச நேரம் இல்லாமல் போனாலும் காத்திருக்கும். சர்வர் லாக் பார்க்க உட்கார்ந்தால் என் விரல் பெரிய எஃப்புக்குத்தான் போகும். உங்களுக்கும் அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பழைய லாக் ஒன்றை ஆர்எம் போட்டு அழித்தேன். ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூவில் குறைந்திருக்கிறது, மொத்த டிஸ்க்கின் இடத்தைக் காட்டும் டிஎஃப்பில் அப்படியே இருக்கிறது. இடம் எங்கே போனது?

மேலே சொன்ன அதே விஷயம்தான். நீங்கள் அழித்தது பெயரை. யாராவது அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வரை இடம் திரும்பக் கிடைக்காது. எல்எஸ்ஓஎஃப் +பெரிய எல் 1 என்று ரூட்டாக, அதாவது அட்மின் யூசராக, ஓட்டிப் பாருங்கள். பெயர் போன பிறகும் திறந்தே இருக்கும் ஃபைல்களும், அவற்றைப் பிடித்திருக்கும் புரோகிராம்களும் தெரியும். பெரும்பாலும் அப்ளிகேஷன்தான் பிடித்திருக்கும். அதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டிவரும். ஒருமுறை எங்கள் சர்வரில் பிடித்திருந்தது, லாக்அவுட் செய்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் டிமக்ஸ் டெர்மினலுக்குள் யாரோ போட்டுவிட்டு மறந்த ஒரு டெயில் -எஃப். அதை நிறுத்தியதும் இடம் வந்துவிட்டது.

கேள்வி: கடைசி 1000 வரியை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று டெயிலின் அவுட்புட்டை அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். ஃபைல் காலியாகிவிட்டது!

வருத்தமான விஷயம்தான், பேக்கப் இருந்தால் உடனே எடுங்கள். திருப்பிவிடும் குறியைப் பார்த்ததும் கமாண்டுகளை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் அந்த ஃபைலைக் காலி செய்கிறது, அதற்குப் பிறகுதான் டெயிலை ஓட்டுகிறது. டெயில் வந்து பார்க்கும்போது படிக்க ஒன்றும் இல்லை. வேறு பெயரில் எழுதி, சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு எம்வி போட்டுப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். இதையும் அப்ளிகேஷன் எழுதிக்கொண்டிருக்கும் லாக்கில் செய்யாதீர்கள். அது பழைய ஐநோட்டிலேயே எழுதிக்கொண்டு போகும். அந்த வேலையை லாக்ரோட்டேட்டிடம் விடுங்கள்.

கேள்வி: தமிழ் எழுத்துள்ள ஃபைலில் டெயில் -சி 100 கொடுத்தால் முதலில் கேள்விக்குறிக் கட்டங்கள் வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா?

இல்லை. -சி எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "தமிழ்" என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். 100 பைட் என்று வெட்டும்போது ஒரு குறியின் நடுவில் கத்தி விழுந்துவிடுகிறது. சரியாகக் குறி எல்லையில் விழுந்தாலும், எழுத்தைப் பிரிந்த கொக்கி மட்டும் தனியாக நிற்கலாம். தமிழுக்கு -என் போட்டு வரிக்கணக்கில் எடுப்பதே நல்லது.

கேள்வி: டெயில் -எஃப், அதற்குப் பின்னால், தேடும் சொல் உள்ள வரிகளை மட்டும் காட்டும் கிரெப் இரண்டு போட்டேன். வரிகள் உடனே வராமல், ரொம்ப நேரம் கழித்து மொத்தமாகக் கொட்டுகின்றன.

டெயில் உடனேதான் அனுப்புகிறது. தேக்குவது முதல் கிரெப். அவுட்புட் டெர்மினலுக்குப் போகாமல் பைப்புக்குப் போனால், ஓரளவு சேர்ந்த பிறகே கிரெப் அனுப்பும். முதல் கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட் கொடுங்கள்.

கேள்வி: சிஎஸ்வியில் தலைப்பு வரியை விட்டுவிட்டு மீதி வேண்டும்.

டெயில் -என் +2. கூட்டல் குறி இருந்தால், அந்த வரியிலிருந்து முடிவு வரை என்று அர்த்தம்.

கேள்வி: ஆபீஸில் விண்டோஸ்தான் தந்திருக்கிறார்கள்.

பவர்ஷெல்லில் கெட்-கன்டென்ட், ஃபைல் பெயர், -டெயில் 10. தொடர்ந்து பார்க்க -வெயிட் சேருங்கள்.

கேள்வி: டெபியன் 12 லினக்ஸ் புதிதாகப் போட்டேன். சிஸ்லாக் ஃபைலை டெயில் செய்தால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது.

டெபியன் 12இல், லாக்கை டெக்ஸ்ட் ஃபைலாக எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் அந்த ஃபைல் இருக்காது. லாக் எல்லாம், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஜர்னலில் இருக்கிறது. அது பைனரி வடிவம். டெயிலால் வாசிக்க முடியாது. ஜர்னல்சிடிஎல் -எஃப் போடுங்கள். ஒரு சர்வீஸை மட்டும் பார்க்க -யூ கொடுத்து அதன் பெயர். -என் 200 இங்கேயும் அதே அர்த்தம்தான்.