ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைக்கலாமா?

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு லிட்டரெல்லாம் குடிக்க மாட்டான் என்று, பெரிய ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்ததுமே போக்கு அதிகமாகி, தாகத்தில் அழுதான். இப்போது சரியாகிவிட்டான். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தெம்பு வரும்தானே டாக்டர்?

பதில்: வராது. உடம்பில் மிச்சம் இருக்கும் தண்ணீரும் வெளியே போகும், உங்கள் பையனுக்கு நடந்தது அதுதான்.

மாவடு போட்டிருக்கிறீர்களா? கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே ஓரிரு நாளில் ஜாடியில் நீர் நிற்கும், வடு சுருங்கிக் கிடக்கும். அந்த நீர் அத்தனையும் வடுவுக்குள் இருந்தது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு தண்ணீரை விடும், உப்பை லேசில் விடாது. அதனால் உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

நம் ரத்தத்தின் செறிவு லிட்டருக்குச் சுமார் 275 முதல் 295 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களின் அளவு). ஒரு லிட்டரில் சரியாகக் கரைத்த ஓஆர்எஸ் 245, அதாவது ரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதையே 200 மில்லியில் கரைத்தால் 1200-ஐத் தாண்டிவிடும், கடல் தண்ணீர்கூட அவ்வளவு இருக்காது! அது குடலுக்குள் போனதும் ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கும், போக்கு கூடும். ரத்தத்தில் சேரும் உப்போ செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், அதில் மூளைச் செல்களும் சுருங்கும். அடங்காத தாகம், நைநை என்று அழுகை, முற்றினால் வலிப்பு. செல்லில் இருந்த நீர் ரத்தத்துக்கு வந்துவிடுவதால், எவ்வளவு வறண்டிருக்கிறது என்பது குழந்தையைப் பார்த்தால் சட்டென்று தெரியாது. எங்களையே ஏமாற்றும்.

சரி, வெறும் தண்ணீரே கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் கூடாது. போக்கில் உப்பும்தான் போகிறது. தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தம் நீர்த்து, செல்கள் வீங்கும், மண்டை ஓட்டுக்குள் மூளை வீங்க இடம் ஏது? ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சர்க்கரையும் ருசிக்காக இல்லை. குடல் சுவரில் குளுக்கோஸும் உப்பில் இருக்கும் சோடியமும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும், தண்ணீர் அதன் பின்னால் போகும். கூடுதலாகச் சர்க்கரை போட்டாலும் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்.

ஒரு லிட்டரையும் அவன் குடித்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. முழுசாகக் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை போன பிறகும் அரை டம்ளர், முடிந்தால் ஒரு டம்ளர், ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி தொடங்கலாம். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் உண்டு; எதுவானாலும் மேலே போட்டிருக்கும் தண்ணீர் அளவைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

இன்னொரு தடவை இப்படிக் கெட்டியாகக் கொடுத்துவிட்டு, குழந்தை துவண்டோ, எரிச்சலாகவோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலோ இருந்தால், வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஏறிய சோடியத்தை மெதுவாகத்தான் இறக்க வேண்டும், வேகமாக இறக்கினால் சுருங்கிய மூளை இந்தத் தடவை வீங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எத்தனை பாக்கெட், எவ்வளவு தண்ணீர் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், திட்ட மாட்டோம்.