முதலில் தூக்கியது கிரைண்டரை

அன்புள்ள ஐயா,

2015 வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். அதை எழுதலாம் என்று மூன்று தடவை உட்கார்ந்துவிட்டேன். எழுதியதைப் படித்தால் எல்லோரும் சொன்னதையே நானும் சொல்லியிருக்கிறேன். கரண்ட் போனது, செல்போன் செத்தது, மொட்டைமாடியில் ராத்திரி, பால் பாக்கெட் நூறு ரூபாய். நான் கடையில் பில் போடுகிறவன். ஊருக்கே நடந்ததை நானும் எழுதி என்ன ஆகப்போகிறது?

பி.கு.: தண்ணீர் வாசற்படி ஏறியதும் அப்பா என்னை முதலில் தூக்கச் சொன்னது கிரைண்டரை. என் சர்டிபிகேட் எல்லாம் கீழேயே ஊறிப்போயின. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

சு., சென்னை

அன்புள்ள சு.,

கடிதத்தை விட்டுவிட்டுப் பின்குறிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டது அரசாங்க ஆவணத்திலேயே இருக்கிறது. அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையை யோசித்துப் பாருங்கள். ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாமல் சென்னையில் ‘தி இந்து’வே அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய பத்திரிகை! அந்தக் காலையில் எந்த வீட்டில் எது முதலில் மேலே ஏறியது என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பால் நூறு ரூபாய் என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாங்கினீர்களா, வாங்காமல் திரும்பினீர்களா? அதைச் சொல்லாமல் விலையை மட்டும் சொன்னால்தான் அது எல்லோருடைய கதையாகிவிடுகிறது.

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அப்போது சைதாப்பேட்டையில் முதல் மாடியில் இருந்தேன். ‘கீழ்வீட்டுக்காரர்கள் அஞ்சு பேரையும் எங்கள் வீட்டில்தான் வைத்துக்கொண்டோம்’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன். பொய் இல்லை. ஆனால் அவர்கள் கதவைத் தட்டியபோது என்னிடம் இரண்டு கேன் குடிதண்ணீர் இருந்தது. ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் திறந்தேன். மறுநாள் மத்தியானம்தான் அதை வெளியே எடுத்தேன். அதற்குள் அந்த வீட்டுப் பாட்டி மழைத்தண்ணீரைப் பிடித்துக் குடித்திருந்தார்.

போன வருஷம் டீக்கடையில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், மெழுகுவத்தி இருந்தும் பக்கத்து வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர், படகில் ஏறும்போது மாமியாரை முந்திக்கொண்டு ஏறியதைச் சொன்னார். (சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் டீ ஆறிப்போயிருந்தது.) அதுவரை நாங்கள் மூன்று பேரும் ஒரே வெள்ளக் கதையைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சரி, கிரைண்டருக்கு வருவோம். ஏன் கிரைண்டர்? அம்மா மாவு அரைத்து விற்றாரா? தவணை பாக்கி இருந்ததா? கைக்கு எட்டியது அதுதானா? நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கே தெரியாதோ என்றும் சந்தேகம். அப்பா இருக்கிறார் என்றால், எழுதுவதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள். சண்டையாகக் கேட்காதீர்கள், சாப்பிடும்போது கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் கோபத்துக்குத் தோதாக இல்லாமல் போகலாம். அதையும் அப்படியே போடுங்கள். கோபத்தையும் எடுத்துவிட வேண்டாம்.

நாலு பக்கம் போதும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். அந்தக் கிரைண்டர் இப்போதும் ஓடுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.