மெல்லிய நேர்முடியில் புதிதாகப் போட்ட ட்ரெட்லாக்ஸ் (திரிதிரியாகச் சிக்கவைத்த சடை) அவிழ்ந்துகொண்டே இருக்கிறது, தலைக்குக் குளிக்கலாமா?

தாராளமாகக் குளிக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முடி வழுக்கிப் பிரியும். சுத்தமான முடிதான் ஒன்றோடொன்று நன்றாகச் சிக்கிக்கொள்ளும். நேர்முடியில் சுருள் இல்லாததால் முதல் சில மாதங்கள் அவிழ்வதும் புசுபுசுவென்று நிற்பதும் இயல்புதான்.

கண்டிஷனர் கலக்காத ஷாம்பூவை உச்சந்தலையில் மட்டும் தேய்த்து, நுரையைச் சடை வழியே ஓடவிட்டு நன்றாக அலசுங்கள். அப்புறம் முழுக்க உலர்த்த வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் தங்கி நாற்றமும் பூஞ்சையும் வந்துவிடும். ஈரத்தோடு படுக்கவே படுக்காதீர்கள்.

மெழுகு வேண்டாம், அழுக்கைப் பிடித்துவைக்கும், லேசில் போகாது. பிரிந்த இழைகளை நுனியில் கொக்கி உள்ள மெல்லிய குரோஷே ஊசியால் உள்ளே இழுத்துவிடலாம். தினமும் நோண்டினால் மெல்லிய முடி அறுந்துதான் போகும். வேரில் பக்கத்துச் சடைகள் ஒட்டிக்கொண்டால், குளித்த கையோடு விரலால் பிரித்துவிடுங்கள்.