அமெரிக்கக் கிறிஸ்துமஸ் ஊருக்கு ஊர் வேறு: கேள்வி பதில்

மதுரை வாசகர்: டிசம்பர் கடைசியில் நியூ மெக்சிகோ போகிறோம். அங்கே கிறிஸ்துமஸுக்கு என்ன விசேஷம்?

அருமையான இடம். 24ஆம் தேதி இருட்டியதும் சாண்டா ஃபே நகரின் கேன்யன் ரோட்டுக்குப் போய்விடுங்கள். காகிதப் பைக்குள் மணல் போட்டு, நடுவில் மெழுகுவத்தி நட்டு, மதில், கூரை விளிம்பு, நடைபாதை என்று வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். ஆங்காங்கே விறகு எரியும். ஜனங்கள் குளிர்காய்ந்தபடியே கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவார்கள். சோளமும் பன்றி இறைச்சியும் மிளகாயும் சேர்ந்த பொசோலே கிடைக்கும். சோம்பு மணக்கும் பிஸ்கோசிட்டோவை 1989-இல் மாநிலத்தின் குக்கீ என்றே அறிவித்தார்கள். அதில் சேர்வது பன்றிக் கொழுப்பு. சைவர்கள் எதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

அன்று மாலை தாவோஸ் பெப்லோ என்ற ஊரில் பூர்வகுடி மக்கள் பெரிய சொக்கப்பனைகளுக்கு நடுவே மாதா சுரூபத்தைப் பவனியாகக் கொண்டுவருவார்கள். அங்கே போனால் கேமரா, போன் இரண்டையும் காரிலேயே விட்டுவிடுங்கள். அது வழிபாடு, சுற்றுலாக் காட்சி இல்லை. கைதட்டவும் கூடாது.

சேலம் வாசகர்: கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவில் பனி பெய்யுமா?

வடக்கே மினசோட்டாவில் பெரும்பாலும் தரையெல்லாம் பனி கிடக்கும். நியூயார்க்கில் பல வருஷம் 25ஆம் தேதி வெறும் தரைதான். தெற்கே மயாமியில் பேச்சே இல்லை.

நாசரேத் வாசகர்: அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸுக்கே தடை இருந்ததாமே?

இருந்தது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659-இல் சட்டம் போட்டார்கள். அன்று வேலைக்குப் போகாமல் இருந்தாலோ விருந்து வைத்தாலோ 5 ஷில்லிங் அபராதம். 1681-இல்தான் எடுத்தார்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் சபை ஐயரிடம் கேட்டேன். விசுவாசிகளே தடுத்திருக்க வாய்ப்பில்லை என்கிறார். சபைகளைக் கொச்சைப்படுத்தாதீர்கள்.

ஐயர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தடுத்தவர்கள் விசுவாசிகளேதான், விசுவாசத்தினால்தான் தடுத்தார்கள். அந்தக் குடியேற்றத்தை ஆண்ட பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கூட்டத்தார் வேதத்தில் எழுதாத பண்டிகை எதையும் ஏற்கவில்லை. டிசம்பர் 25 என்ற தேதி சுவிசேஷத்தில் எங்கேயும் இல்லை. அன்றைய இங்கிலாந்துக் கிறிஸ்துமஸில் குடியும் சூதும் மலிந்திருந்ததும் அவர்களை உறுத்தியது. இதைச் சொல்வது யாரையும் கொச்சைப்படுத்துவதாகாது.

நாகர்கோவில் வாசகர்: அப்படியானால் அவர்கள் செய்ததுதானே சரி? இப்போதும் குடியும் கூத்தும்தானே?

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதே வேதத்தைப் படித்த மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டன்ட் சபையாரைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் அவர்கள் அமைத்த ஊருக்கு, 1741 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், அவர்கள் தலைவர் சின்சென்டார்ஃப் பிரபு முன்னிலையில் பெத்லகேம் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் வழக்கத்தில் ஆராதனை நடுவே எல்லாருக்கும் இனிப்பு பன்னும் காப்பியும் கொடுத்து அன்பின் விருந்து நடக்கும். பிறகு, அடியில் சிவப்புக் காகிதம் சுற்றிய தேன்மெழுகுத் திரிகளைக் குழந்தைகள் கையில் கொடுப்பார்கள். குடி இல்லை, கூத்து இல்லை, பண்டிகை மட்டும் இருக்கிறது. இந்தச் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள். பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்பது மனுஷர் கையில் இருக்கிறது. அதற்காகப் பண்டிகையையே தண்டிக்க வேண்டாம்.

பாளையங்கோட்டை வாசகர்: 1659 சட்டம் ஐயருக்கும் புதுச் செய்தி. மொரேவியர் பற்றி இன்னும் எழுதுங்கள்.

சந்தோஷம். அவர்களுடைய 26 முனை நட்சத்திரம் ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், 1830களில், கணக்குப் பாடத்துக்காகச் செய்யப்பட்டது. இன்று பெத்லகேமிலும் வட கரோலைனாவின் வின்ஸ்டன்-சேலத்திலும் வீட்டு வாசல்தோறும் எரிகிறது.

திருச்சி வாசகர்: டெக்சாஸில் பனி விழுமா?

சேலம் வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள். தெற்கே போகப் போகப் பனியை மறந்துவிடுங்கள். சான் அன்டோனியோவில் வீட்டாரெல்லாம் சேர்ந்து உட்கார்ந்து, சோள மாவைச் சோள மடலில் பொதிந்து தமாலே அவிப்பார்கள். அதைக் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: லூசியானாவில் நெருப்பு மூட்டுவார்களாமே?

ஆமாம், செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், மிசிசிப்பி ஆற்றுக் கரைமேல். மரக்கட்டைகளைக் கோபுரமாக அடுக்கி 24ஆம் தேதி இரவு கொளுத்துவார்கள். பாப்பா நோயலுக்கு, அதாவது கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு, வழி தெரியவேண்டும் என்பது ஐதீகம். காற்று புகையைத் தள்ளும் பக்கம் நிற்காதீர்கள்.

கும்பகோணம் வாசகர்: தாவோஸில் சின்ன கேமரா என்றால் பரவாயில்லையா?

கூடாது.

வேலூர் வாசகர்: அலாஸ்கா மகள் வீட்டில் ஜனவரி 7 அன்றும் கிறிஸ்துமஸ் என்கிறாள். எப்படி?

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையின் பழைய பஞ்சாங்கக் கணக்கு அது. யூபிக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களில் அலங்கரித்த பெரிய நட்சத்திரத்தைச் சுழற்றிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போவார்கள். வீட்டுக்காரர் எல்லாருக்கும் சாப்பாடு போடுவார். மகள் ஊரில் நடந்தால் கூடவே போய்வாருங்கள்.

கோவை வாசகர்: 25ஆம் தேதி கடை திறந்திருக்குமா?

பெரும்பாலும் மூடியிருக்கும். பாலும் ரொட்டியும் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். சீன உணவகங்கள் பல திறந்திருக்கும். யூதக் குடும்பங்கள் நெடுங்காலமாக அன்று அங்கேதான் சாப்பிடப் போகிறார்கள். கூட்டம் இருக்கும், முன்கூட்டியே இடம் சொல்லிவையுங்கள்.