அப்பாவின் ரைபிளுக்குப் புதுக் கட்டை போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வயலும் தோப்பும் இருக்கிறது. அப்பா வைத்திருந்த .315 ரைபிள், அவர் காலத்துக்குப் பிறகு முறைப்படி என் லைசென்ஸில் ஏறிவிட்டது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் கொடுத்து வைத்து, சில மாதம் கழித்துத் திரும்ப வாங்கினதிலிருந்து ட்ரிகர் ஒரு மாதிரி இழுத்துக்கொண்டே போகிறது. டெக்சாஸில் இருக்கும் மச்சான், தன் மான் வேட்டை ரைபிளின் மரக் கட்டைக்கு (தோளில் வைத்துக் கையில் பிடிக்கிற பாகம்) பதிலாக கார்பன் ஃபைபர் கட்டையும், புது ட்ரிகரும் மாற்றிவிட்டு, "தூக்கினா பஞ்சு மாதிரி இருக்கு, உனக்கும் ஒரு செட் கொண்டு வாரேன்" என்கிறார். இங்கே பன்றித் தொல்லை வேறு. மாற்றலாமா?

பதில்: முதலில் மச்சானுக்கு போன் போட்டு, பெட்டியில் எதையும் வைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள் தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள்ளேயே அதன் உதிரி பாகங்களும் வந்துவிடும், அனுமதி இல்லாமல் அதை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ட்ரிகரை ஜட்டி பனியனுக்கு நடுவில் சுருட்டி வைத்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்டால், ஊருக்கு வந்த மனுஷன் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

சரி, வந்தே சேர்ந்தாலும் பொருந்தாது. அங்கே கடையில் கிடைக்கும் கட்டைகளில் பெரும்பாலானவை ரெமிங்டன் 700 என்கிற அமெரிக்க வேட்டை ரைபிள் மாதிரியானவற்றுக்கானவை, முன்னும் பின்னும் ஒரே துண்டு. ட்ரிகரும் ஒரு சின்னப் பெட்டி மாதிரி, 2 பின்னைத் தட்டினால் கழன்று வரும். நம்ம .315, பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த பழைய லீ என்ஃபீல்ட் ரைபிள் வம்சம். பின்கட்டை தனி, முன்கட்டை தனி, பின்கட்டைக்குள் நீளமாக ஒரு போல்ட் போய்ப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எடை குறைந்தால் நல்லது என்று நினைப்பதும் பாதி உண்மைதான். மச்சான் மாதிரி ஆட்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையில் தூக்கிக்கொண்டு நடந்து, ஒரு தோட்டா சுடுவதற்கு வாங்குகிறார்கள், அவர்களுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் பெரிய விஷயம். அதே தோட்டாவை வைத்துக்கொண்டு ரைபிள் எடையில் 10 சதவீதம் குறைத்தால், தோளில் வந்து இடிக்கும் ஆற்றல் சுமார் 11 சதவீதம் கூடும். வீட்டுக்கும் தோப்புக்கும் நடுவில் கொண்டுபோகிற உங்களுக்கு அது எதற்கு? ஒரு நல்ல தோல்வார் போட்டாலே பாதிப் பாரம் தெரியாது.

உங்கள் நிஜமான கேள்வி ட்ரிகர்தான், அதற்கும் காரணம் அநேகமாக மரம்தான். இந்த வம்சத்து ரைபிளில் ட்ரிகர் தொங்குவது அதைச் சுற்றிக் கீழே இருக்கும் இரும்புக் காப்பில், அது போய்த் தட்டுகிற கொக்கி (சுடும் ஊசியைப் பிடித்து வைத்திருப்பது) இருப்பது மேலே, குழல் மாட்டியிருக்கிற இரும்பு உடம்பில், ரெண்டுக்கும் நடுவில் முன்கட்டை. மரம் ஈரம் குடித்து உப்பினாலும் காய்ந்து சுருங்கினாலும் அந்த இடைவெளி மாறும், இழுவையும் மாறும். இந்தச் சங்கடத்துக்காகவே பிரிட்டிஷ்காரர்கள் பின்னால் வந்த மாடல்களில் ட்ரிகரை உடம்பிலேயே தொங்கவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை ஓதம் ஏறிய அறையில் சுவரில் சாய்ந்து கிடந்த துப்பாக்கி, வேறு என்ன செய்யும்? கட்டையைக் கழற்றி நிழலில் காயவிட்டு, காப்பு ஸ்க்ரூக்களைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெயிலில் வைக்காதீர்கள், விரிசல் விடும்.

அதையும் நீங்களே செய்யாதீர்கள், பக்கத்துத் தச்சரிடமும் கொடுக்காதீர்கள், ரிப்பேர் செய்யவே லைசென்ஸ் வேண்டும். முக்கியமாக, "லேசா உரசி விட்டா வெண்ணெய் மாதிரி ஆயிரும்" என்று அரத்தை எடுக்கிறவரிடமிருந்து ரைபிளைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள். அந்தக் கொக்கியின் மேல்தோல் மட்டும்தான் கடினம், அது போனால் சீக்கிரம் தேய்ந்து, ஒரு நாள் கீழே வைக்கும்போதே வெடிக்கும். ட்ரிகர் விளையாட்டில்லை, 2014-இல் ரெமிங்டன் கம்பெனியே, உள்ளே பசை கூடுதலாகப் போய்விட்டது என்று சொல்லி, 2006-இலிருந்து விற்ற ரைபிள்களைத் திரும்பக் கேட்டது.

அப்புறம் பன்றி. பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதால் சுடலாம் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். 2025-இல் தமிழக அரசு போட்ட ஏற்பாட்டின்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கொல்லவே கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3-க்கு அப்பால்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். உங்கள் பக்கம் பாதி வயல்கள் முண்டந்துறைக் காட்டை ஒட்டியே கிடக்கின்றன.

ஆக, கட்டை வேண்டாம், ட்ரிகர் வேண்டாம். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் மரத்தைச் சரிபார்க்கச் சொல்லி, தோள் வலித்தால் பின்கட்டை முனையில் ஒரு ரப்பர் பேட் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டி, அவர்கள் ரிஜிஸ்டரில் ரைபிள் நம்பர் சரியாக ஏறுகிறதா என்று நின்று பார்த்து, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.